முழம் முழமாக ஒரு சாலை

திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு அவசரமாகப் போகிறவர்களுக்கென்று நான்குவழிச் சாலை இருக்கிறது. அதை டேஷ்கேமில் ஓடவிட்டுப் பார்த்தால் எந்த நிமிடத்தைத் தொட்டாலும் ஒன்றுதான்: நடுவில் அரளிச் செடி, ஓரத்தில் வெள்ளைக் கோடு, முன்னால் ஏதோ ஒரு லாரியின் முதுகு. அதே கேமராவோடு கல்லணைப் பக்கம் வண்டியைத் திருப்பி, கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாற்றுக்குப் போய்ப் பாருங்கள். அரசுக் கணக்கில் இது மாநில நெடுஞ்சாலை 22. கல்லணையில் புறப்பட்டுக் காவிரிக்குத் துணையாகப் பூம்புகார் வரைக்கும் போகிறது. பெயரில்தான் நெடுஞ்சாலை. எதிரே பஸ் வந்தால் இரண்டில் ஒருவர் மண்ணில் இறங்கியாக வேண்டிய இடங்கள் இதில் உண்டு.

டேஷ்கேமைக் காட்சிக்காக யாரும் வாங்குவதில்லை. பின்னால் வந்து இடித்துவிட்டு, இறங்கி நம்மிடமே சண்டைக்கு வருகிறவனிடம் காட்ட ஒரு சாட்சி வேண்டும், அவ்வளவுதான். 2013 பிப்ரவரி 15 காலையில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் விண்கல் வெடித்ததை உலகம் பார்த்ததும் இப்படிச் சண்டைக்கு அஞ்சி மாட்டிய கேமராக்களின் தயவில்தான். யாரும் வானத்தைக் குறி வைக்கவில்லை. வேலைக்குப் போகிற வழியில் காரின் கேமரா பாட்டுக்குச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. விண்கல் அதற்குள் வந்து விழுந்தது. அந்தப் பதிவுகளை வைத்துத்தான் கல் வந்த பாதையை வானியலாளர்கள் கணக்கிட்டார்கள்.

குறி வைக்காத இந்தக் குணம்தான் கிராமத்துச் சாலைக்குப் பொருந்துகிறது. கையில் கேமரா எடுத்தவர் கோபுரத்தைத் தேடுவார், அஸ்தமனத்துக்குக் காத்திருப்பார், நடுவில் ஆடு வந்தால் விரட்டுவார். டேஷ்கேமுக்குக் கோபுரமும் ஆடும் ஒரே மரியாதைதான். இதையெல்லாம் உட்கார்ந்து யார் பார்ப்பார்கள் என்று கேட்கலாம். நார்வே அரசுத் தொலைக்காட்சி 2009இல் பெர்கனிலிருந்து ஓஸ்லோ போகும் ரயில் பயணத்தை ஏழு மணி நேரத்துக்கு மேல் அப்படியே ஒளிபரப்பியது; பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நம் ஊர்ச் சாலையில் அத்தனை நேரம்கூட வேண்டாம். பத்து நிமிடம் போதும், மெதுவாகப் பார்ப்பதென்றால்.

முதலில் வெளிச்சம். வெயிலிலிருந்து புளியமர நிழலுக்குள் வண்டி நுழைந்ததும் கேமரா ஒரு கணம் திணறுகிறது. திரை இருண்டு, அடிமரங்களில் அடித்த சுண்ணாம்புப் பட்டைகள் மட்டும் வரிசையாகத் தெரிகின்றன. பிறகுதான் மரம் வருகிறது: பட்டையின் வெடிப்பு, அதில் பெயிண்டில் எழுதிய எண், அடியில் யாரோ சாத்தி வைத்த சைக்கிள். நிழல் முடிந்து வெளியே வரும்போது நேர்மாறு. எல்லாம் வெளுத்துப்போகிறது. அந்த வெளுப்பிலிருந்து முதலில் மீள்வது கறுப்புதான், தார்ச்சாலையும் மின்கம்பமும் கம்பியில் இருக்கிற கரிக்குருவியும். அடுத்து வயலின் பச்சை. வானத்துக்கு நீலம் கடைசியில்தான் கிடைக்கிறது. நம் கண்ணும் இதே பாடு படுகிறது. மூளை நமக்குத் தெரியாமல் சரிக்கட்டிவிடுகிறது. இருளையும் வெளிச்சத்தையும் ஒரே படத்தில் சமன்செய்து தரும் விலையுயர்ந்த கேமராக்கள் இப்போது வந்துவிட்டன. வண்டி எண் படிக்க அவை நல்லவை. எனக்கு அந்தத் திணறல் வேண்டும்.

அடுத்தது அளவு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குப் பதினோரு மீட்டர் நகர்கிறது. கேமரா நொடிக்கு 30 படம் எடுக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் சாலை 37 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும், அதாவது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. பூக்காரம்மா மல்லிகையை அளக்கிற மாதிரி இந்தக் கருவி காவிரிக் கரையை முழம் போட்டு வைத்திருக்கிறது. வீட்டில் கணினியில் போட்டு ஒவ்வொரு படமாக நகர்த்தினால்தான் இதன் அருமை புரியும்.

வாய்க்கால் ஒன்றின் மேல் போகும் கம்பியில் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது. ஓட்டும்போது கண்ணுக்குக் கிடைத்தது சட்டென்று ஒரு நீலக் கீற்று மட்டும். படம் படமாக நகர்த்தினால் முதலில் காப்பிக்கொட்டை நிறத் தலை, வெள்ளை மார்பு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய சிவப்பு அலகு. அடுத்ததில் உடம்பு முன்னால் சாய்கிறது. அதற்கடுத்து கம்பியில் பறவை இல்லை, கம்பி மட்டும் மேலே எழும்பியிருக்கிறது. இறக்கை விரிந்ததும் அதுவரை மடிப்புக்குள் ஒளிந்திருந்த வெள்ளைத் திட்டு ஒன்று இரண்டு பக்கமும் திறக்கிறது. பிறகு படத்தின் ஓரத்தில் நீலமாக ஒரு கறை. எல்லாம் சேர்த்து அரை நொடி இருக்காது. இத்தனைக்கும் அந்தப் பறவைக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. அந்த வெள்ளையைத்தான் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி யாருக்கும் காட்டுவதில்லை.

அகலக் கோண லென்சின் விளையாட்டு வேறு. படத்தின் நடுவில் ஏதும் நடக்காது. சாலை ஒரு புள்ளியில் முடிந்து அப்படியே நிற்கும். ஓரங்களில் வாழைத்தோப்பு பாய்ந்துகொண்டிருக்கும். எதிரே வருகிறவர் ரொம்ப நேரம் அந்தப் புள்ளியாகவே இருப்பார். கடைசி இரண்டு நொடியில் திடீரென்று ஆளாகி, சைக்கிளாகி, பின்னால் கட்டிய புல்லுக்கட்டாகி வலது ஓரத்தில் மறைவார். கடந்துபோகும்போது ஒரு கை ஹேண்டிலை விட்டு முண்டாசைத் தொட்டதை நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

டேஷ்போர்டில் பிள்ளையார் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு சலுகை. வெயில் சாய்வாக விழும் நேரத்தில் அவர் கண்ணாடியில் பிரதிபலித்துப் பதிவுக்குள்ளும் வந்துவிடுவார். நடவு வயலுக்கு மேலே, மின்கம்பிகளுக்கு நடுவே, ஒளி ஊடுருவும் பிள்ளையார் கூடவே மிதந்து வருவார். இதைத் தடுக்க லென்சுக்கு முன்னால் மாட்டும் வடிகட்டி கிடைக்கிறது. சாட்சிக்கு அது நல்லதுதான். வேண்டாமென்று விட்டிருக்கிறேன்.

காதுக்கும் இதில் இருக்கிறது. சம்பா அறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் உளுந்து பங்குனி சித்திரையில் சாலைக்கு வந்துவிடும். பிடுங்கிய செடியைத் தாரின் மேல் பரப்பி வைப்பார்கள். போகிற வண்டியெல்லாம் கூலி இல்லாமல் போரடித்துக் கொடுக்க வேண்டும். இரு சக்கர வண்டிக்காரர்கள் சறுக்கி விழுகிற சங்கதி இது. திட்டுகிறவர்கள் திட்டுவதிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பதிவின் ஒலி இருக்கிறதே! டயருக்குக் கீழே காய்ந்த நெற்று ஆயிரம் ஆயிரமாக வெடிக்கிற சத்தம். பின்சீட்டிலிருந்து “மெதுவா போங்கப்பா, கொட்டி வச்சிருக்காங்க” என்று ஒரு குரல். ஜன்னலுக்கு வெளியே வேறொரு குரல்: “மேலயே ஏத்திப் போங்க தம்பி, ஒதுங்காதீங்க.” ஓட்டுகிறவர் இரண்டுக்கும் நடுவில் தடுமாறுவது எஞ்சின் சத்தத்தில் தெரிகிறது.

கேமரா தோற்கிற இடத்தையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு 13 கிலோமீட்டர் சுமாருக்குள் ஐந்து பாலங்கள்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. பாலத்தின் கைப்பிடித் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணைத் தாண்டும்போது இடைவெளிகளில் தெரிகிற ஆற்றைக் கண் தானாகவே ஒட்டிவிடும். முழு ஆறும் கிடைத்துவிடும். கேமராவில் நிறுத்திப் பார்த்தாலோ தூண், தூண், தூண்தான். நடுவில் துண்டு துண்டாகத் தண்ணீர். ஐந்து ஆற்றிலும் இதே கதி.

அதற்கு ஈடாகக் கேமரா தருவது மூலையில் ஓடும் தேதி. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. தண்ணீர் கல்லணையைத் தொட இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் பிடிக்கும். ஜூன் முதல் வாரப் பதிவையும் ஜூலைப் பதிவையும் அடுத்தடுத்து ஓடவிட்டால் அதே தூண்களுக்கு நடுவில் மணல் இருந்த இடத்தில் செம்மண் நிறத்துப் புதுவெள்ளம். நாணல் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. 2024இல் அணை திறந்தது ஜூலை 28இல்தான். அந்த ஆண்டு ஜூலையில் இந்தப் பக்கம் ஓட்டிப் போனவர்களின் பதிவில் தேதி நகர்ந்துகொண்டே இருக்கும், தூணுக்கு நடுவில் மணல் நகர்ந்திருக்காது.

இனி, இந்தக் கருவி தானாகவே சேர்த்துவைக்கும் ஒன்று. பதிவு சில நிமிடத் துண்டுகளாக ஓடும். 64 ஜிபி அட்டையில் எட்டுப் பத்து மணி நேரம் நிறைந்ததும் பழையதை அழித்துப் புதியதை எழுதும். வளைவு, வாழை, நாம் எடுத்துவைக்க மறந்த மீன்கொத்தி, எல்லாம் போய்விடும். அழியாமல் தப்புவது ஒன்றுதான். உள்ளே அதிர்வை உணரும் உணரி ஒன்று உண்டு. வண்டி தூக்கிப்போட்டால் விபத்து என்று நினைத்து அந்தத் துண்டைப் பூட்டித் தனி ஃபோல்டரில் போட்டுவிடும். நம் சாலைகளில் தூக்கிப்போடுவது எது? கோடு அடிக்காத வேகத்தடை. வேகத்தடை எங்கே போடுவார்கள்? பள்ளிக்கூடம், கோயில், ரேஷன் கடை, பஸ் நிற்கும் டீக்கடை. ஆக, விபத்து என்று பெயரிட்ட ஃபோல்டரைத் திறந்தால் ஊர் ஊராக வாசல்கள்தான் இருக்கின்றன.

அங்கே வண்டி நத்தையாக ஊர்வதால் அளவும் மாறிவிடுகிறது. மணிக்குப் பத்துக் கிலோமீட்டரில் படத்துக்குப் படம் ஐந்து விரற்கடைதான். அந்த நெருக்கத்தில் டீ மாஸ்டர் ஆற்றுகிற டீ கயிறாக இறங்கி, நடுவில் மெலிந்து, டம்ளரில் நுரையாகிறவரை ஒவ்வொரு நிலையும் கிடைக்கிறது. தம்பியின் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்கும் யூனிஃபார்ம் பெண், வண்டி குலுங்கும் அந்த ஒரு கணத்தில் கையை மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மாற்றிப் பிடிக்கிறாள். ஓரத்தில் ஒரு சுமைதாங்கிக் கல். கர்ப்பமாக இருந்து இறந்துபோன பெண்ணுக்காக எப்போதோ நட்டது. இன்று அதன் மேல் ஒரு ஹெல்மெட். ஆடிப்பெருக்கு அன்று பூட்டப்பட்ட துண்டில், வாலறுந்த காகிதத் தோரணத்தோடு சின்னச் சப்பரம் ஒன்றைப் பையன்கள் இழுத்துப் போகிறார்கள். வேகத்தடை அவர்களுக்கும் ஏற்றம்தான். ஒருவன் பின்னால் போய்த் தள்ளுகிறான். இதில் முகங்கள் இருப்பதால் வெளியே யாருக்கும் காட்டுவதில்லை, வீட்டோடு சரி.

பூட்டிய துண்டுகள் சேரச்சேர அட்டை நிரம்பி, கேமரா கீச்சென்று கத்தத் தொடங்கும். உணரியின் உணர்திறனைக் குறைத்து வைத்தால் தொல்லை விட்டது என்று மாட்டிக்கொடுத்த கடைக்காரர் சொன்னார். சொன்னது சரிதான். கத்தும்போதெல்லாம் அட்டையை உருவிக் கணினிக்கு மாற்றிக்கொண்டு, உணர்திறனை உச்சத்திலேயே விட்டுவைத்திருக்கிறேன்.