காத்திருக்கும் கலை

கச்சேரிக்கு விமரிசனம் உண்டு. நாடகத்துக்கு உண்டு. சினிமாவுக்கு வேண்டியதற்கு மேலேயே உண்டு. ராட்டினத்துக்கு விமரிசனம் எழுதப் போகிறேன் என்றால் மட்டும் சிரிக்கிறார்கள். குழந்தைகள் விளையாட்டில் விமரிசனம் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். ஆனால் 1955 ஜூலை 17-ம் தேதி அமெரிக்காவில் அனஹைம் என்ற ஊரில் டிஸ்னிலாந்து திறந்த நாள் முதலாக, கதைக்குள் ஆளையே நடக்கவிடுகிற ஒரு கலை உலகத்தில் வளர்ந்து வந்திருக்கிறது. நாவல் எழுதுகிறவனுக்கு அதில் அக்கறை இல்லாமல் போகுமா? நான் வாசகனை நாற்காலியில் உட்காரவைத்துக் கதைக்குள் இழுக்கப் பார்க்கிறேன். அவர்கள் அவனை நிற்கவைத்து, நடக்கவைத்து, உருட்டி, காலைத் தொங்கப்போட்டு இழுக்கிறார்கள். யார் கெட்டிக்காரர் என்று பார்த்துவிடுவது நல்லதுதானே!

கலை என்று ஒன்று இருந்தால் ரசிகன் என்று ஒருவன் இருக்க வேண்டும். அந்த ரசிகன் எனக்குத் திருமுக்கூடலில் கிடைத்தான். உத்திரமேரூர்ப் பக்கம், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் இருக்கிற சிறிய ஊர் அது. பையனுக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தூரத்து உறவு, என்னைச் சித்தப்பா என்பான். 2000-த்தில் கொச்சியிலும் 2005-ல் பெங்களூரிலும் திறந்த வொண்டர்லாக்களை அவன் பல தடவை பார்த்தாகிவிட்டது. 2025-ல் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் வட்டாரத்தில் ஒன்று வந்தபோது முதல் வாரமே போய் நின்றான். இதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறான். எந்த வண்டி, எந்த வரிசை, எத்தனை நிமிஷம் காத்திருந்தான், எத்தனை மார்க் — எல்லாம் அதில் இருக்கின்றன.

இப்படிப்பட்டவன் பணம் சேர்த்துச் சிங்கப்பூருக்கு ஒரே ஒரு நாள் போய்வருவது என்று தீர்மானித்தான். இரவு மீனம்பாக்கத்தில் ஏறினால் நாலு மணி நேரம். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்திய கடிகாரம். காலையில் இறங்கி, நாள் முழுதும் பூங்காவில் இருந்துவிட்டு, அன்றிரவே திரும்பிவிடலாம். "ராட்டினம் சுற்றவா விமானம் ஏறுவான்?" என்று அவன் அம்மா என்னிடம் முறையிட்டாள். திருவையாறு ஆராதனைக்கு ராத்திரி ரயிலேறிப் போய் மறுநாள் திரும்புகிறவரை நாம் ரசிகர் என்கிறோம். இவனை மட்டும் ஏன் பைத்தியம் என்பது? அவனோடு நானும் புறப்பட்டேன்.

செந்தோசாத் தீவில் 2010-ல் திறந்த யூனிவர்சல் ஸ்டூடியோஸ் ஏறக்குறைய 49 ஏக்கர் நிலம். நம் பக்கத்து நடுத்தர ஏரி ஒன்றின் ஆயக்கட்டுகூட இதைவிடப் பெரிதாக இருக்கும். அதற்குள் நியூயார்க் தெரு ஒன்றும், பழைய எகிப்தும், ஒரு ராஜா ராணிக் கோட்டையும் அடங்கியிருக்கின்றன. புதிதாக வருகிறவன் கட்டடங்களைப் பார்த்து வாயைப் பிளக்கிறான். என் ரசிகன் நேராக ரோலர் கோஸ்டரிடம் போனான். ஹாலந்து தேசத்து வெகோமா கம்பெனி செய்தது. உயரம் 42 மீட்டருக்குக் குறையாது. இரண்டு தண்டவாளங்கள் ஒன்றையொன்று உரசுவதுபோல் வளைந்து வளைந்து ஓடுகின்றன. சிவப்பு வண்டியில் உட்கார்ந்து போகிறார்கள். நீல வண்டியில் காலைத் தொங்கவிட்டுப் போகிறார்கள்.

"சிவப்புக்குக் கடைசி வரிசை, நீலத்துக்கு முதல் வரிசை, சித்தப்பா" என்றான்.

காரணத்தையும் சொன்னான். உச்சியைத் தாண்டும்போது முன்வரிசை மெதுவாகத்தான் தாண்டுகிறது. அது இறங்க ஆரம்பித்த பிறகு, அதன் கனம் பின்வரிசையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கிறது. அதனால் கடைசியில் இருப்பவனுக்குத்தான் ஆசனத்திலிருந்து பிடுங்கி எறிகிறாற்போல் இருக்கும். தொங்குகிற வண்டியிலோ, முதல் வரிசைக்காரனின் காலுக்கு முன்னால் வெறும் ஆகாயம். பயத்துக்கு அந்த இடம் போதும். மிருதங்கத்தின் நயம் எந்த இடத்தில் உட்கார்ந்தால் தெரியும் என்று சொல்லுகிற பழைய சபா ரசிகர்களை எனக்குத் தெரியும். அவர்கள் ஞானத்துக்கு இது ஒரு மாற்றுக்கூடக் குறைந்ததில்லை.

எகிப்துப் பகுதியில் 'மம்மி' என்று ஒன்று இருக்கிறது. இருட்டுக்குள் ஓடுகிற ரயில். பையன் அங்கே அவசரமே காட்டவில்லை. "கியூவைப் பாருங்க சித்தப்பா, கதை இங்கேயே ஆரம்பிச்சாச்சு" என்றான். உண்மைதான். வெயிலிலிருந்து கல்லறை போன்ற நடைக்குள் நுழைகிறோம். வெளிச்சம் மங்குகிறது. வரிசை வளைந்து வளைந்து போவதால் அதன் முடிவு கண்ணுக்குப் படுவதில்லை. வண்டியைக் காண்பதற்கு முன்பே அதில் போகிறவர்களின் அலறல் காதில் விழுகிறது. ரயில் ஓடுவது சில நிமிஷம். அதற்கு முன் நிற்பதுதான் நீளம். சொல்லப்போனால் அந்த வரிசைதான் நாவல். ரயில் அதன் கடைசி அத்தியாயம். வரப்போவதை மறைத்து, ஆனால் வரப்போகிறது என்பதை மட்டும் மறக்கவிடாமல் வைத்திருப்பது எங்கள் தொழிலின் ரகசியம். அதைக் கல்லிலும் இருட்டிலும் செய்து காட்டியிருக்கிறார்கள். இந்தக் கலையின் உயிர் வேகத்தில் இல்லை, காத்திருப்பதில் இருக்கிறது என்பது என் முடிவு.

இதைத் திருமுக்கூடல்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் ஊரை விட்டுப் புறப்பட்டு, பழையசீவரம் மலைக்கு எழுந்தருளி, பாலாற்றைத் தாண்டித் தென்கரைக்கு வருகிறார். பார்வேட்டை என்று பெயர். பழையசீவரம் நரசிம்மரும், சாலவாக்கம் சீனிவாசரும், காவாந்தண்டலம் லட்சுமி நாராயணரும் வந்து சேர, உள்ளூர் அப்பன் வெங்கடேசரோடு ஐந்து பெருமாள்கள். அவரும் ஒரு நாள் பயணமாகத்தான் வந்துபோகிறார்! தரிசனம் சில நிமிஷம். ஆனால் கரையில் கட்டுச்சோற்றை அவிழ்த்து, குழந்தையைத் தோளில் ஏற்றி, தூரத்தில் வாத்தியச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்களே, அந்த நேரமெல்லாம் சேர்ந்ததுதான் திருவிழா. தெருவில் வருகிற சுவாமிக்கு முன்வரிசை டிக்கட் கிடையாது. முன்னாடி வந்தவன் முன்னாடி நிற்கிறான். குள்ளமாக இருப்பவனுக்குப் பக்கத்து ஆள் தோள் கொடுக்கிறான்.

பெரிய பூங்காக்கள் சறுக்குகிற இடம் இதுதான். டிஸ்னி பூங்காக்களில் 1999-ல் வரிசையைத் தாண்டிப்போக ஒரு சீட்டு முறை வந்தது. அன்று அதற்குத் தனிக் காசு இல்லை. அமெரிக்கப் பூங்காக்களில் 2021-ல் அதை எடுத்துவிட்டுக் காசுக்கு விற்கத் தொடங்கினார்கள். சிங்கப்பூரிலும் எக்ஸ்பிரஸ் என்று தனிச் சீட்டு உண்டு. வியாபாரம் என்ற முறையில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கலை என்ற முறையில் உண்டு. கல்லறை இருட்டில் ஒருவனைப் பயத்தோடு நிற்கவைத்துவிட்டு, பக்கத்து வழியாக இன்னொருவனைச் சிரித்துப் பேசிக்கொண்டு போகவிட்டால் பயம் எங்கே தங்கும்? பணம் கொடுத்தவன் நாவலின் முன்பாதியைக் கிழித்துப் போட்டுவிட்டு முடிவை மட்டும் படிக்கிறான். கொடுக்காதவனுக்கோ முன்பாதி தண்டனை ஆகிவிடுகிறது. இதைவிட மோசம் ஒன்று உண்டு. காத்திருப்பதிலிருந்து விடுதலையை விற்கத் தொடங்கிய முதலாளிக்கு, காத்திருப்பதை இனிமையாக்கவேண்டிய அவசியம் குறைந்துகொண்டே போகும். வரிசை சலித்தால்தானே சீட்டு விலைபோகும்?

உடனே நாம் மார்தட்டிக்கொள்ளவும் வேண்டாம். 2019-ல் அதே காஞ்சிபுரத்தில் 48 நாள் அத்திவரதர் தரிசனம் நடந்தது. அனுமதிச் சீட்டு வைத்திருந்தவர்களுக்குத் தனி வழி. மற்றவர்களுக்கு மணிக்கணக்கில் வரிசை. நெரிசலில் உயிர்களும் போயின. கட்டண தரிசனமோ நம் பெரிய கோயில்களில் எல்லாம் வழக்கமாகிவிட்டது. பூங்காக்காரன் நிற்கிறவனுக்கு நிழலாவது தருகிறான். எத்தனை நிமிஷம் ஆகும் என்று பலகையில் எழுதிவைக்கிறான். நாம் பக்தியை நம்பி அவனை வெயிலில் விட்டுவிடுகிறோம்.

நம் மரபு இப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. திருமுக்கூடல் கோயில் சுவரிலேயே வீரராஜேந்திர சோழன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலை, வைத்தியருக்கு ஊதியம், சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர், நோயாளிக்கு அரிசி, விளக்குக்கு எண்ணெய் என்று கணக்கு விரிகிறது. வந்து கிடப்பவனுக்கு ராத்திரி வெளிச்சம் வேண்டுமே என்று அன்றைக்கு ஒருவர் யோசித்திருக்கிறார். பூங்காவை வடிவமைக்கிறவனின் யோசனையும் அதே ஜாதிதான்.

நான் கேட்பது இரண்டே. நிற்கிறவனுக்கு நிழலும் தண்ணீரும் வேண்டும். அவனைத் தாண்டிப்போக யாருக்கும் சீட்டு விற்கக் கூடாது. முதலாவதைச் சிங்கப்பூரிடமும் இரண்டாவதை நம் வீதியில் வருகிற சுவாமியிடமும் கற்றுக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்த இடம் எங்கேயாவது இருக்கிறதா என்று பையனைக் கேட்டேன். நோட்டைப் புரட்டினான். மம்மிக்கு நேராக அந்த ரயிலுக்கு 7 மார்க், கியூவுக்கு 9 என்று எழுதியிருந்தான். பத்துக்குப் பத்து வாங்கியது அந்த நோட்டில் இன்னும் ஒன்றும் இல்லை.