கேமராவுக்கு முன்னால் ஒரு கிடார்: அமெரிக்கானா பாடகர்களைப் பார்த்துக் கேட்பது

அமெரிக்கானா என்ற பெயருக்கு வயது அதிகமில்லை. 1995இல் ‘கேவின்’ என்ற வானொலித் துறைப் பத்திரிகை அந்தத் தலைப்பில் ஒரு தரவரிசைப் பட்டியலை வெளியிடத் தொடங்கியது. 1999இல் நாஷ்வில் நகரில் அமெரிக்கானா இசைச் சங்கம் அமைந்தது. கிராமி விருதுகளில் அதற்கென்று தனியாக ஓர் ஆல்பம் விருது வந்தது 2010இல்தான். முதலில் பெற்றவர் லீவான் ஹெல்ம். இசையோ பழையது. கன்ட்ரி, ப்ளூஸ், ப்ளூகிராஸ், கறுப்பினத் தேவாலயப் பாட்டு, மலைநாட்டுக் கதைப்பாடல் எல்லாம் கலந்தது. கன்ட்ரி வானொலிக்குப் பளபளப்புப் போதாமல், ராக் வானொலிக்குச் சத்தம் போதாமல் வெளியே நின்றவர்களுக்குப் போட்ட பந்தல் என்று இதைச் சொல்லலாம்.

இந்தப் பாடகர்களிடம் போகப் படமாக்கப்பட்ட நேரடி நிகழ்ச்சிகளே நல்ல வழி, ஆல்பங்கள் அப்புறம்தான் என்பது என் கட்சி. இங்கே பாட்டை எழுதியவரே பாடுகிறார். மெட்டு எளிமையானது, பெரும்பாலும் மூன்று நான்கு கார்டுகளுக்குள் முடிந்துவிடும். கனமெல்லாம் சொல்லிலும் அதைச் சொல்லும் விதத்திலும் இருக்கிறது. அதன்மேல் ஸ்டுடியோ எதையாவது பூசினால் பாட்டு மூச்சுத் திணறும். டவுன்ஸ் வான் சான்ட்டின் முதல் ஆல்பத்துக்கு (1968) அதுதான் நேர்ந்தது. அதிலிருந்த சில பாடல்களை மறு ஆண்டே எளிமையாகத் திரும்பப் பதிவு செய்தார். நம் காதுக்கும் ஒரு லாபம் உண்டு: டெக்சஸ் இழுவையும் அப்பலாச்சிய உச்சரிப்பும் பிடிபடாத இடத்தில் பாடுபவரின் உதடும் முகமும் பாதி வேலையைச் செய்துவிடுகின்றன.

இந்த வழியில் முதல் படி ‘ஹார்ட்வோர்ன் ஹைவேஸ்’. ஜேம்ஸ் சலாப்ஸ்கி 1975இன் இறுதியிலும் 1976இன் தொடக்கத்திலும் டெக்சஸிலும் டென்னசியிலும் எடுத்த ஆவணப்படம். திரையரங்குக்கு வர 1981 ஆனது. விவரணைக் குரல் இல்லை, யார் யார் என்று விளக்குவதும் இல்லை. பாடகர் கை கிளார்க் ஒரு கிடாரைப் பழுது பார்த்துக்கொண்டிருப்பார். டேவிட் ஆலன் கோ சிறைக்கைதிகளுக்கு முன்னால் பாடுவார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு கை கிளார்க்கின் வீட்டு மேசையைச் சுற்றி நண்பர்கள் உட்கார்ந்து ஒருவர் மாற்றி ஒருவர் பாடுவார்கள். அங்கே ஒல்லியாக உட்கார்ந்திருக்கும் ஸ்டீவ் ஏர்லுக்கு அப்போது 20 வயது. முதல் ஆல்பத்துக்கு இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன.

படத்தின் உச்சம் டெக்சஸின் ஆஸ்டின் நகரில், கிளார்க்ஸ்வில் பகுதியில் ஒரு சமையலறை. உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் உருவாக்கிய குடியிருப்பு அது. டவுன்ஸ் அங்கே ‘வெய்ட்டிங் அரவுண்ட் டு டை’ பாடுகிறார். அடிபட்டு, ஏமாந்து, சிறை போய், கடைசியில் போதை மருந்தைத் துணையாகக் கொண்ட ஒருவன் தன் கதையைத் தானே சொல்லும் பாட்டு; டவுன்ஸ் எழுதத் தொடங்கிய காலத்தது. பக்கத்தில் சீமோர் வாஷிங்டன் என்ற முதிய கறுப்பினக் கொல்லர் உட்கார்ந்திருக்கிறார். பாட்டு நடக்க நடக்க அவர் கண்ணிலிருந்து நீர் வழிகிறது. கேமரா பாடுபவரை விட்டு அவர் முகத்துக்குப் போகிறது, அங்கேயே நிற்கிறது. வசதியான எண்ணெய்க் குடும்பத்தில் பிறந்த வெள்ளைக்கார இளைஞன் கட்டிய பாட்டு இது. கொல்லரின் கண்ணீர் அதற்குச் சாட்சி சொல்கிறதா, அல்லது பாட்டுக்குத் தெரியாத வேறொரு வாழ்க்கையை நினைத்து வருகிறதா? படம் பதில் சொல்வதில்லை. இந்தத் துறையில் நான் பார்த்த எந்தப் பதிவும் இதற்கு மேல் போகவில்லை.

டவுன்ஸ் உயிரோடிருந்தபோது அவருடைய இசைத்தட்டுகள் அதிகம் விற்கவில்லை. அவர் எழுதிய ‘பாஞ்சோ அண்ட் லெஃப்டி’யை வில்லி நெல்சனும் மெர்ல் ஹாகர்டும் பாடி 1983இல் கன்ட்ரி பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். 1997 புத்தாண்டு நாளில் 52 வயதில் அவர் இறந்தார். பின்னால் வந்த தலைமுறை அவரைக் கண்டுகொண்டதில் அந்தச் சமையலறைக் காட்சிக்குப் பெரிய பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

அதே ஆஸ்டினில் பொதுத் தொலைக்காட்சி இன்னொரு வேலையைத் தொடங்கியிருந்தது. 1974இல் வில்லி நெல்சனை வைத்து முன்னோட்டமாக எடுத்த ‘ஆஸ்டின் சிட்டி லிமிட்ஸ்’ 1976இல் தொடர் நிகழ்ச்சியாகி இன்றுவரை ஓடுகிறது. ஒழுங்கான மேடை, ஒழுங்கான விளக்கு. ஆவணமாக அதன் மதிப்பு பெரிது. ஆனால் அதில் சமையலறையின் அபாயம் கிடையாது.

மேடையில் அந்த அபாயத்தைக் காட்டிய பதிவுகள் வேறு. கோயன் சகோதரர்களின் ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ படத்துப் பாடகர்கள் 2000 மே மாதம் நாஷ்வில் ரைமன் அரங்கில் பாடியதை ஆவணப்பட இயக்குநர் பென்னபேக்கரும் கூட்டாளிகளும் ‘டவுன் ஃபிரம் த மவுன்டன்’ என்று படமாக்கினார்கள். எமிலூ ஹாரிஸ், கிலியன் வெல்ச், ரால்ஃப் ஸ்டான்லி எல்லோரும் அதில் இருக்கிறார்கள். கிலியன் வெல்ச் மலைநாட்டுக்காரர் அல்ல. நியூயார்க்கில் பிறந்து லாஸ் ஏஞ்சலீஸில் தொலைக்காட்சி இசையமைப்பாளர்கள் வீட்டில் வளர்ந்தவர். வறண்ட அப்பலாச்சியப் பாட்டெழுத அவருக்கென்ன உரிமை என்று ஆரம்பத்தில் விமர்சகர்கள் கேட்டார்கள். அவரும் டேவிட் ராலிங்ஸும் நெருங்கி நின்று பாடுவதைப் பார்த்தால் அந்தக் கேள்வி வலுவிழக்கிறது. ராலிங்ஸின் சிறிய 1935 எபிஃபோன் கிடார் ஒவ்வொரு அடியின் முடிவிலும் எங்கே நுழைகிறது, எங்கே ஒதுங்குகிறது என்று கவனியுங்கள். அது பல வருடச் சாதகம்.

ரியானன் கிடென்ஸை ஓர் இரவு பிரபலமாக்கியது என்றால் மிகையல்ல. 2013 செப்டம்பரில் நியூயார்க் டவுன் ஹாலில் படமாக்கப்பட்ட கச்சேரியில், ஓடெட்டா பாடிப் புகழ்பெற்ற ‘வாட்டர்பாய்’ என்ற உழைப்புப் பாடலை அவர் பாடினார். அதை நடத்திய டி போன் பர்னெட்டே அவருடைய முதல் தனி ஆல்பத்தைத் தயாரித்தார். பாஞ்சோ ஆப்பிரிக்க வழிவந்த கருவி, இந்த இசையின் அடித்தளத்தில் பாதி கறுப்பின மக்களுடையது என்பதை மேடைதோறும் சொல்லிவருபவர் கிடென்ஸ். 2023இல் ‘ஓமர்’ ஓபராவுக்காக மைக்கேல் ஏபெல்ஸுடன் புலிட்சர் பரிசு பெற்றார்.

இதற்கிடையே மேசையும் வந்திருந்தது. 2008இல் என்.பி.ஆர். வானொலி அலுவலகத்தில் தொகுப்பாளர் பாப் பாய்லனின் மேசைக்குப் பின்னால் பாடகர்களை நிற்கவைத்து ‘டைனி டெஸ்க்’ தொடங்கியது. மதுக்கடை இரைச்சலில் பாடகி லாரா கிப்சனின் குரல் காதில் விழாத எரிச்சலில் பிறந்த யோசனை. அறையில் ஒலிபெருக்கி கிடையாது. எனவே எல்லா வாத்தியமும் குரலுக்கு அடங்கித்தான் வாசிக்க வேண்டும். சொல்லை நம்பும் இசைக்கு இதைவிடப் பொருத்தமான கட்டுப்பாடு இல்லை. 2018இல் ஜான் பிரைன் அங்கே பாடினார். இல்லினாயில் தபால்காரராக இருந்தபோது பாட்டெழுதியவர். 1998இல் கழுத்தில் நடந்த புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் குரல் தடித்து இறங்கிவிட்டது. இளமைக் காலப் பதிவையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால் இரண்டு மனிதர்கள்போல் இருக்கும். முதுமையைப் பற்றி இருபதுகளில் எழுதிய பாடல்களுக்கு இந்த உடைந்த குரல்தான் கடைசியில் பொருந்தியது. 2020 ஏப்ரலில் கொரோனா அவரைக் கொண்டுபோனது.

இன்றைக்கு யூடியூபில் இந்த வேலையைச் சிறு குழுக்கள் செய்கின்றன. நாஷ்வில்லில் ‘ஜெம்ஸ் ஆன் வி.ஹெச்.எஸ்.’, வயோமிங்கில் ‘வெஸ்டர்ன் ஏ.எஃப்.’. மேற்கு வர்ஜீனியாவின் சியரா ஃபெரலைப் பலர் முதலில் பார்த்தது இத்தகைய காணொளிகளில்தான். 2025இல் அவர் 4 கிராமி விருதுகளை வாங்கினார். கென்டக்கியின் டைலர் சைல்டர்ஸுக்கு ‘ரெட் பார்ன் ரேடியோ’ நேரடிப் பதிவுகள் முதல் படியாக இருந்தன. 2018இல் அமெரிக்கானா சங்கம் விருது கொடுத்தபோது அந்த மேடையிலேயே அந்தப் பெயரைச் சாடி, தான் பாடுவது கன்ட்ரி என்றார் அவர்.

ஆனால் மரமும் நாயும் பழைய வேலியும் இப்போது ஒரு பாணியாகிவிட்டன. 2023 ஆகஸ்டில் ‘ரேடியோ டபிள்யூ.வி.’ வெளியிட்ட காணொளியில் ஆலிவர் ஆண்டனி காட்டோரம் நின்று பாடிய பாட்டு, அதற்கு முன் எந்தப் பட்டியலிலும் பெயரில்லாதவரை நேராகப் பில்போர்ட் முதலிடத்தில் உட்காரவைத்தது. குரலில் பொய் இல்லை. பாட்டில் கோபம் இருக்கிறது. ஆனால் அரசு உதவி வாங்கும் ஏழைகளைக் கிண்டல் செய்யும் இடத்தில் அது தடம் மாறி மலிவாகிறது. காட்சியின் எளிமை அந்தக் குறையை மறைத்தது என்பது என் எண்ணம். அதே மாதம் குடியரசுக் கட்சி விவாதமேடையில் அதை ஒலிபரப்பினார்கள். அங்கே நின்றவர்களைப் பற்றித்தான் பாடினேன் என்று அவரே எரிச்சல்பட்டார்.

புதிதாக வருபவர் சமையலறைக் காட்சியில் தொடங்கட்டும். அடுத்து பிரைன், பிறகு கிடென்ஸ், அப்புறம் வெல்ச்சும் ராலிங்ஸும். முதல் முறை வரிகளைத் தேடாமல் பாருங்கள். இரண்டாம் முறை வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆலிவர் ஆண்டனியை இவர்களுக்குப் பிறகு பார்த்தால் போதும்.