கூமாப்பட்டிக்கு எத்தனை எழுத்து?

டெக்ஸ்ட் ஃபைலை டேட்டாபேஸ்ல ஏத்துறது ஒரு வரி வேலைன்னுதான் கையேடுகள் சொல்லுது. வத்திராயிருப்புப் பக்கத்து ஊர்ப் பேர்களை மைஎஸ்க்யூஎல்லில் ஏற்றியபோது நானும் அப்படித்தான் நம்பினேன். 'லோட் டேட்டா' ஓடியது, பிழை எதுவும் வரல. தேடினால் கூமாப்பட்டியைக் காணோம்.

நமக்கு அது 6 எழுத்து. யூனிகோடில் 11 குறியீடு, யூடிஎஃப்-8 ஃபைலில் 33 பைட். இந்தக் கட்டளை ஃபைலின் என்கோடிங்கை டேட்டாபேஸ் அமைப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. 'செட் நேம்ஸ்' போட்டாலும் காதில் வாங்காது. 8.0-க்கு முந்தைய பதிப்புகளில் அந்த அமைப்பு, நாம மாத்தாத வரை, லத்தீன்-1. 33 பைட்டும் 33 லத்தீன் எழுத்தாகிவிட்டது. 'கேரக்டர் செட்' என்று கட்டளையிலேயே எழுதாதது என் தப்புதான். ஆனா சத்தமில்லாம குப்பையை வாங்கி வச்சுக்குற குணத்தை மன்னிக்க முடியல.

போஸ்ட்கிரஸின் 'காப்பி' தேவலை. பழைய டிஸ்கி ஃபைலை யூடிஎஃப்-8 என்று கொடுத்தால், செல்லாத பைட் என்று அங்கேயே நின்னுடும். அதுவும் முழுசா காப்பாத்தாது. பக்கத்துக் கொடிக்குளத்தை எடுங்க: 'கொ'வில் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்னு; '=' போட்டா வேற வேற. 13-ஆம் பதிப்பிலிருந்து 'நார்மலைஸ்' இருக்கு, ஆனா ஏற்றும்போது தானா நடக்காது.

"உங்க பேர் லிஸ்ட்ல இல்லைங்க"ன்னு கவுண்டர்ல சொல்றப்போ, பேர் உள்ளேயேதான் கிடக்கலாம்.

இப்போல்லாம் ஏத்தினதும் கூமாப்பட்டி வரியின் நீளத்தைத்தான் முதல்ல கேக்குறேன். 11 வரணும். 33 வந்தா மொத்தத்தையும் அழிச்சிட்டு மறுபடி ஏத்துறேன்.