அறத்தெளிவும் கேட்கப்படாத கேள்விகளும்

வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் செயலாசிரியராக 1991 முதல் 2008 வரை இருந்த லியனர்ட் டௌனி, அந்தப் பொறுப்பில் இருந்தவரை எந்தத் தேர்தலிலும் வாக்களிக்கவில்லை. யாருக்கு ஓட்டு என்று மனத்துக்குள் முடிவுசெய்வதுகூடச் செய்தி குறித்த தன் தீர்ப்பைச் சாய்த்துவிடும் என்பது அவருடைய அச்சம். அதே டௌனி, சிபிஎஸ் செய்திப் பிரிவின் முன்னாள் தலைவர் ஆண்ட்ரூ ஹேவர்டுடன் சேர்ந்து 2023 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டார். செய்தி நிறுவனத் தலைவர்கள், பத்திரிகையாளர்கள் என 75 பேருக்கும் மேல் பேட்டி கண்டு எழுதியது. புறவயத்தன்மை என்ற பழைய அளவுகோலின் காலம் முடிந்துவிட்டது என்பதே அதன் சாரம். இந்தக் கருத்துக்கு முன்னோடி, பத்திரிகையாளர் வெஸ்லி லோரி 2020 ஜூனில் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரை. நடுநிலை பாவிப்பதை விட்டுவிட்டு அறத்தெளிவைப் பற்றிக்கொள்ளுங்கள் என்று அவர் தன் தொழிலினரைக் கேட்டுக்கொண்டார். அந்தக் கோரிக்கை வென்றுவிட்டது. அமெரிக்காவின் பெரிய செய்தியறைகள் பலவற்றில் இன்று இதுவே எழுதப்படாத விதி. அரசியலில் பழமைவாதத்தின் பக்கம் நிற்பவன் என்ற முறையில் மட்டுமல்ல, செய்தித்தாளை நம்பி வளர்ந்த வாசகன் என்ற முறையிலும் இந்த வெற்றி கேடானது என்று நினைக்கிறேன்.

லோரியின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். காவல்துறைத் துப்பாக்கிச் சூடுகளில் இறந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பதிவுசெய்து 2016இல் புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் இருந்தவர் அவர். காவல்துறையின் அறிக்கையை அப்படியே அச்சிடுவது நடுநிலை ஆகாது என்று அவர் சொன்னால் அது அனுபவத்தின் சொல். 1950களில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி வீசிய குற்றச்சாட்டுகளைச் சரிபார்க்காமல் மறுநாள் தலைப்பாக்கிய பத்திரிகைகளும் தங்களைப் புறவயமானவை என்றே அழைத்துக்கொண்டன. வலதுசாரி ஊடகங்களின் பாவக்கணக்கும் சிறியதல்ல. 2020 தேர்தல் குறித்துப் பரப்பிய பொய்களுக்காக ஃபாக்ஸ் நியூஸ், வாக்குப்பதிவு இயந்திர நிறுவனமான டொமினியனுக்கு 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதற்குச் சாக்குச் சொல்ல எனக்கு எதுவுமில்லை.

ஆனால் டௌனியும் லோரியும் தூக்கியெறியச் சொல்வது எதை? புறவயத்தன்மை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் அது தெரியும். 1920 ஆகஸ்டில் பத்திரிகையாளர்கள் வால்டர் லிப்மனும் சார்லஸ் மெர்ஸும் நியூ ரிபப்ளிக் இதழில் நீண்ட ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். ரஷ்யப் புரட்சி குறித்து மூன்றாண்டுகளில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்திகளை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்களைப் புரட்டி, வரிசைப்படுத்தினார்கள். போல்ஷ்விக் ஆட்சி விழப்போகிறது அல்லது விழுந்தேவிட்டது என்று அந்தப் பத்திரிகை 91 முறை எழுதியிருந்தது. ஆட்சியோ விழவில்லை. அந்த நிருபர்களும் ஆசிரியர்களும் காசுக்குப் பொய் எழுதியவர்கள் அல்லர். நல்லது நடக்க வேண்டும் என்று விரும்பினார்கள். விரும்பியதைக் கண்ணால் கண்டதாக நம்பினார்கள். போல்ஷ்விக்குகளைப் பற்றிய அவர்களுடைய அறத்தீர்ப்பு சரியானது என்றே நான் கருதுகிறேன். இருந்தும் அவர்களுடைய வாசகர்கள் மூன்றாண்டுகள் தவறான செய்தியைப் படித்தார்கள். நிருபர் நல்லவராக இருந்தால் போதாது, அவருடைய நல்லெண்ணத்திடமிருந்தே செய்தியைக் காக்கும் ஒரு முறை வேண்டும் என்ற முடிவுக்கு லிப்மன் வந்தது இப்படித்தான். மனிதனின் தீர்ப்பு பழுதுபடக்கூடியது, நல்லவனின் தீர்ப்பும் அப்படியே என்பது பழமைவாதத்தின் அடிப்படை நம்பிக்கை. லிப்மன் அப்போது பழமைவாதி அல்லர். ஆனால் அவர் செய்தியறைக்குக் கொண்டுவந்த ஒழுங்கு அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

என் நெடுநாள் ஆட்சேபம் இதுதான். அறத்தெளிவை முதலில் வைக்கும் செய்தியறை, ‘இது உண்மையா’ என்று கேட்பதற்கு முன் ‘இது யாருக்கு உதவும்’ என்று கேட்கத் தொடங்கிவிடுகிறது. முதல் கேள்வி விசாரணைக்கு அனுப்புகிறது. இரண்டாவது கேள்வி விசாரிக்காமல் இருப்பதற்குக் காரணம் தருகிறது. அச்சான வார்த்தைகளில் சாய்வைத் தேடுகிற ஊடக விமர்சகர்கள், எங்கள் பக்கத்தவர்கள் உட்பட, பெரும்பாலும் இதைத் தவறவிடுகிறார்கள். அச்சாகாமல் போனதில்தான் கேடு இருக்கிறது.

2020 அக்டோபர் 14 அன்று, அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு மூன்று வாரங்கள் இருக்கையில், நியூயார்க் போஸ்ட், வேட்பாளர் ஜோ பைடனின் மகன் ஹன்டர் பைடனின் மடிக்கணினியிலிருந்து கிடைத்த மின்னஞ்சல்களை வெளியிட்டது. ட்விட்டர் அந்தச் செய்தியின் இணைப்பையே தடைசெய்து, 1801இல் தொடங்கப்பட்ட அந்தப் பத்திரிகையின் கணக்கை இரண்டு வாரங்களுக்கு மேல் முடக்கியது. ஃபேஸ்புக் அது பரவுவதைக் குறைத்தது. அக்டோபர் 19 அன்று 51 முன்னாள் உளவுத்துறை அதிகாரிகள் கையெழுத்திட்ட கடிதம் வந்தது. இதில் ரஷ்யச் சதியின் அடையாளங்கள் தெரிகின்றன, ஆனால் எங்களிடம் ஆதாரம் இல்லை என்றார்கள். ஆதாரம் இல்லை என்ற வரி கடிதத்தில் இருந்தது. பொலிட்டிகோ இட்ட தலைப்பில் இல்லை. மூன்று நாள் கழித்து நடந்த விவாத மேடையில் ஜோ பைடன் அந்தக் கடிதத்தைக் கேடயமாக்கினார். என்பிஆர் வானொலியின் நிர்வாக ஆசிரியர், செய்தியே அல்லாத செய்திகளில் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை என்றார்.

அந்த மின்னஞ்சல்கள் உண்மையானவை. 2022 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸும் வாஷிங்டன் போஸ்ட்டும் அவற்றில் பலவற்றைச் சரிபார்த்து எழுதின. 2024 ஜூனில் டெலவேர் நீதிமன்றத்தில் ஹன்டர் பைடன் மீதான துப்பாக்கி வழக்கில் அரசுத் தரப்பு அதே கணினியைச் சான்றாக முன்வைத்தது. அந்தக் கடிதத்துக்கு ஏற்பாடு செய்த சிஐஏ முன்னாள் துணை இயக்குநர் மைக்கேல் மோரெல், விவாதத்தில் பைடனுக்கு உதவுவது தன் நோக்கங்களில் ஒன்று என்று நாடாளுமன்றக் குழுவிடம் பின்னர் சொன்னார். அரசியல்வாதி தன்னைக் காத்துக்கொள்ளக் கேடயம் தேடுவது புதிதல்ல. அரசியல் அறம் அங்கே சறுக்கும் என்று தெரிந்துதான் சுதந்திரமான பத்திரிகை என்ற ஒன்றை ஒரு நாடு வைத்திருக்கிறது. அன்று அந்தப் பத்திரிகைகளே கேடயத்தைத் தூக்கிப் பிடித்தன. சரிபார்ப்பது கடினமாக இருந்தது என்ற சமாதானத்தை நான் ஏற்கவில்லை. சரிபார்க்க முடியவில்லை என்று எழுதலாம். ரஷ்யச் சதி என்று எழுத முடியாது.

இதே கதை கொரோனா நுண்ணுயிரி விஷயத்திலும் நடந்தது. அது வூஹான் ஆய்வகத்திலிருந்து கசிந்திருக்குமோ என்று 2020 பிப்ரவரியில் கேள்வி எழுப்பியவர் ஆர்கன்சா செனட்டர் டாம் காட்டன். ஏற்கெனவே பொய்யென நிறுவப்பட்ட சதிக்கதை என்று தலைப்பிட்டது வாஷிங்டன் போஸ்ட். யாரும் எதையும் நிறுவியிருக்கவில்லை. 2021இல் பத்திரிகை தலைப்பைத் திருத்தியது. 2025 ஜனவரியில் சிஐஏ, உறுதி குறைவுதான் என்ற குறிப்போடு, ஆய்வகக் கசிவே கூடுதல் சாத்தியம் என்று மதிப்பிட்டது. விடை இன்றும் தெரியவில்லை. கேட்டவர் யார் என்பதற்காகக் கேள்வியே தகாதது ஆகிவிட்டது. அதே காட்டன் 2020 ஜூனில், கலவரங்களை அடக்க ராணுவத்தை அனுப்பச் சொல்லி நியூயார்க் டைம்ஸில் எழுதினார். ஒரு செனட்டரின் கருத்தை வெளியிட்டதற்காகக் கருத்துப் பக்க ஆசிரியர் ஜேம்ஸ் பென்னெட் நான்கே நாளில் பதவி விலக நேர்ந்தது.

பைடனின் வயதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. 2024 பிப்ரவரியில் சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் ஹர் தன் அறிக்கையில் ஜனாதிபதியின் நினைவாற்றல் குறைந்திருப்பதைக் குறிப்பிட்டார். உடனே விவாதம் ஹரின் உள்நோக்கம் பற்றியதாக மாறியது. அடுத்த சில வாரங்களில் நியூயார்க் டைம்ஸும் சியனா கல்லூரியும் எடுத்த கருத்துக்கணிப்பில், பதிவுபெற்ற வாக்காளர்களில் 73 சதவீதம் பேர் அவர் பதவிக்கு வயது மீறியவர் என்றார்கள். ஜூன் தொடக்கத்தில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 45க்கும் மேற்பட்டோரிடம் பேசி, மூடிய கதவுகளுக்குப் பின்னால் ஜனாதிபதி தடுமாறுவதை எழுதியபோது, பெயர் சொல்லிப் பேசியவர்கள் குடியரசுக் கட்சிக்காரர்கள் என்று காரணம் காட்டிச் சக பத்திரிகையாளர்கள் பலர் அதைத் தாக்கினார்கள். தடுமாற்றத்தைக் காட்டும் காணொளிகளை மலிவான போலிகள் என்றது வெள்ளை மாளிகை. சில காணொளிகள் வெட்டப்பட்டவைதான். ஆனால் அந்தச் சொல்லை அப்படியே வாங்கி எல்லாவற்றின் மீதும் ஒட்டியவர்கள், உண்மையில் என்ன நடக்கிறது என்று தாங்களே போய்ப் பார்க்கவில்லை. ஜூன் 27 அன்று அட்லாண்டா விவாத மேடையில் நாடே நேரில் பார்த்தது. மறுநாள் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் அவரைத் தேர்தல் போட்டியிலிருந்து விலகச் சொன்னது.

வாக்காளர்களில் நான்கில் மூன்று பேருக்கு வீட்டிலிருந்தே தெரிந்தது, வெள்ளை மாளிகைக்குள் தினமும் போய்வந்த நிருபர் படைக்குத் தெரியவில்லையா? எழுதியவர்கள் இருந்தார்கள், நியூயார்க் டைம்ஸிலும் இருந்தார்கள். ஆனால் டிரம்ப் விஷயத்தில் காட்டிய விடாப்பிடியில் நூறில் ஒரு பங்குகூட இங்கே இல்லை. 2025 ஏப்ரலில் வெள்ளை மாளிகை நிருபர்கள் சங்கம், பைடனின் தளர்ச்சி மறைக்கப்பட்டதை எழுதியதற்காக ஆக்சியோஸ் செய்தித் தளத்தின் அலெக்ஸ் தாம்சனுக்கு விருது தந்தது. தானும் மற்றவர்களும் இந்தக் கதையைப் பெருமளவு தவறவிட்டோம், அதனால் மக்களின் நம்பிக்கை குறைந்தது என்று அவர் அந்த மேடையிலேயே சொன்னார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் தவறவிட்டோம் என்ற சொல் போதாது. கவனக்குறைவால் தவறுவது இரண்டு பக்கமும் சமமாகத் தவறும். இங்கே தவறியதெல்லாம் ஒரே திசையில்.

டிரம்ப் சாதாரண அரசியல்வாதி அல்லர், ஜனநாயகத்துக்கே ஆபத்து, அப்போது பழைய விதிகள் செல்லாது என்பது இந்தப் போக்கின் வலுவான தற்காப்பு. ஆபத்து என்று உண்மையிலேயே நம்புபவர்கள்தான் இதை முதலில் மறுக்க வேண்டும். ஜனாதிபதி நிக்சனைப் பதவி இழக்கச் செய்த வாட்டர்கேட் ஊழலை நினைத்துப் பாருங்கள். அந்தச் செய்திகளைச் செப்பனிட்ட ஆசிரியர்களில் டௌனியும் ஒருவர். 1974 ஆகஸ்ட் 7 அன்று வெள்ளை மாளிகைக்குச் சென்று, காங்கிரஸில் உங்களுக்கு ஆதரவு இல்லை என்று நிக்சனிடம் சொன்ன மூவரும், கோல்ட்வாட்டர், ஹியூ ஸ்காட், ஜான் ரோட்ஸ், அவருடைய சொந்தக் கட்சியினர். நிக்சனின் உரையாடல்கள் பதிவான ஒலிநாடாக்கள்தான் அவர்களை அங்கே அனுப்பின. ஆனால் எதிர்முகாம் பத்திரிகை எழுதியது என்று அவர்களோ அவர்களுடைய வாக்காளர்களோ அந்த உண்மையை ஒதுக்கிவிட முடியாத காலம் அது. 2024 மே மாதம் டிரம்ப் 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பானது. அதைப் பற்றிய செய்தியை அவருடைய கட்சிக்காரர்கள் நம்பவில்லை; அடுத்த நவம்பரில் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் நம்பாததற்கு அவர்களுடைய பிடிவாதமும் காரணம்தான். முதற்காரணம், அவர்களுக்கு எதிரான உண்மைகளை மட்டும் தேடிப்போன ஒரு தொழில்.

ஊடகங்கள் மீது கணிசமான நம்பிக்கை உள்ளவர்கள் 1976இல் 72 சதவீதம் என்றது கேலப் நிறுவனம். 2025இல் அது 28 சதவீதம். குடியரசுக் கட்சியினரிடையே 8 சதவீதம். டௌனி வாக்களிக்காமல் இருந்தது மிகை என்று அவருடைய சகாக்களே நினைத்தார்கள், நானும் எல்லோரிடமும் அதைக் கேட்க மாட்டேன். ஆனால் எந்த அச்சம் அவரை அப்படி நடக்க வைத்ததோ அந்த அச்சம் செய்தியறைக்குத் திரும்பி வர வேண்டும். ஆசிரியர்களே, உங்களுக்குப் பிடித்த தலைவரைப் பற்றி இன்று யாரும் விசாரிக்காமல் விட்டிருக்கும் செய்தி எது என்று உங்கள் நிருபர்களைக் கேளுங்கள்; அதை விசாரிக்க நாளைக்கே ஒருவரை அனுப்புங்கள்.