கோணலை மறைத்த வளைவுகள்

இத்தாலியின் விசென்சா நகரில், நகரசபை கூடுவதற்காக 15ஆம் நூற்றாண்டில் எழுந்த மாளிகை இன்று பசிலிக்கா பல்லாடியானா எனப்படுகிறது. அதைச் சுற்றிக் கட்டிய தாழ்வாரத்தின் ஒரு பகுதி 1496இல் இடிந்து விழுந்தது. பேர்பெற்ற வல்லுநர்கள் பலரிடம் யோசனை கேட்ட பிறகு, 1549இல் நகரசபை ஆந்திரேயா பல்லாடியோவின் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. கல்தச்சராகத் தொழில் தொடங்கியவர் அவர்.

பழைய கட்டடத்தின் இடைவெளிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. அதைச் சுற்றி எழுப்பிய புதிய தாழ்வாரத்தில் பல்லாடியோ வளைவுகளை ஒரே அகலத்தில் வைத்தார். ஒவ்வொரு வளைவின் இருபுறமும் உள்ள சிறு திறப்புகளை மட்டும் இடத்துக்கேற்பக் கூட்டிக் குறைத்தார். மூலைகளில் பாருங்கள், அந்தத் திறப்புகள் ஒடுங்கியிருக்கும். ஆனால் சதுக்கத்தில் நின்று நிமிர்ந்தால், ஈரடுக்கு வெள்ளைக் கல் வரிசை முழுவதும் ஒரே சீராகத் தெரியும்.

வேலை முடிய 17ஆம் நூற்றாண்டு பிறந்துவிட்டது. பல்லாடியோ 1580இலேயே காலமாகியிருந்தார். கவிழ்த்த கப்பல்போன்ற கூரை 1945 குண்டுவீச்சில் அழிந்து, மீண்டும் எழுந்தது. பழையதை இடித்துத் தள்ளாமல், அதன் கோணலையும் அரவணைத்து அழகு செய்த அந்தக் கைத்திறனுக்கு எத்தனை முறை வணங்கினாலும் தகும்.