சாதி கேட்காத ரத்தப் பரிசோதனை

மரபணு ஆய்வாளர் டேவிட் ரைக் 2018-இல் எழுதிய 'ஹூ வீ ஆர் அண்ட் ஹவ் வீ காட் ஹியர்' நூலின் இந்திய அத்தியாயத்தை நம்மில் பலர் ஒரே காரணத்துக்காகத் தேடிப் படிக்கிறோம்: ஆரியர் வந்தாங்களா, இல்லையா? அந்தச் சண்டையில் அதே அத்தியாயத்தின் இன்னொரு விஷயம் கவனிக்கப்படாமல் போகிறது.

ஆந்திர வைசியர்களில் சிலருக்கு ஒரு நொதி குறைவு. அறுவை சிகிச்சைக்கு முன் தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்தை உடைக்க வேண்டியது அந்த நொதிதான். குறைந்தால், சில நிமிடங்களில் தெளிய வேண்டியவர் மணிக்கணக்கில் அசையவோ தானாக மூச்சுவிடவோ முடியாமல் கிடப்பார். வைசியருக்கு அந்த மருந்தைக் கொடுக்கக்கூடாது என்பது இந்திய மருத்துவர்களுக்குத் தெரியும் என்கிறார் ரைக். மரபணுவைப் பார்த்து ஆளுக்கேற்ற மருந்து என்று இன்று பேசப்படுவதன் எளிய வடிவம் இது. ஆனால் இதைச் செய்ய டாக்டர் என்ன கேக்கணும்? 'நீங்க என்ன சாதி?'

காரணத்தை ரைக் தெளிவாகவே சொல்கிறார்: அகமணம். சில முன்னோரிடமிருந்து பெருகிய கூட்டம் 2,000 ஆண்டுகளுக்கு மேலாகத் தமக்குள்ளேயே மணந்துகொண்டால், அரிய குறைகளும் உள்ளேயே தங்கிவிடும். ஹைதராபாத்தின் தங்கராஜ் குழுவோடு அவர் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில் 263 குழுக்களைப் பார்த்தார்கள். 81 குழுக்களில் இந்தத் தடம் அஷ்கெனாசி யூதர்களிடம் இருப்பதைவிட ஆழம்.

சரி, தீர்வு? நியூயார்க் யூதர்களின் தோர் யெஷோரிம் அமைப்பைக் காட்டுகிறார். திருமணப் பேச்சுக்கு முன்பே இளைஞர்களின் ரத்தத்தைச் சோதித்து, ஒரே குறையைச் சுமக்கும் இருவரைச் சேராமல் தடுப்பது. பெற்றோர் பார்த்து வைக்கும் கல்யாணம் நிறைந்த இந்தியாவிலும் இது பலன் தருமாம். தரும்தான். ஆனால் நோயை வளர்த்த வேலி அப்படியே நிற்கும். வேலிக்குள் பொருத்தம் மட்டும் சரியாகப் பார்க்கப்படும். ஜாதகத்தோடு இன்னொரு தாள், அவ்வளவே.

கெடாவிலிருந்து வாசித்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. பீடோங், லூனாஸ், சுங்கை பட்டாணி பக்கத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் பெரும்பாலும் தன் ஊர், தன் சாதி ஆட்களையே கூட்டி வந்தார்கள். பிறகு லயத்து வாழ்க்கையிலும், தோட்டம் துண்டாடப்பட்டு டவுனுக்கு வந்த பிறகும் கலப்பு மணங்கள் நடந்தன. அப்பா ஒன்று, அம்மா ஒன்று என்று இருக்கும் பிள்ளை டாக்டரிடம் எதைச் சொல்லும்? பாட்டன் ஊரே தெரியாதவர்? சொல்லக் கூசுபவர்? பதில் தப்பினால் மருந்தும் தப்பும்.

சாதிக்குப் பதில் இனம் கேட்டால் போதுமா? கார்பமாசெபைன் என்ற வலிப்பு மருந்து, ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ள சிலருக்குத் தோலையே உரித்துவிடும். 2004-இல் தைவானில் இந்தத் தொடர்பு கண்டுபிடிக்கப்பட்டது. 2007-இல் அமெரிக்கா, 'ஆசியர்' என்றால் முதலில் சோதியுங்கள் என்றது. ஹான் சீனரிடமும் மலாய்க்காரரிடமும் அந்த வகை அதிகம். ஜப்பானியரிடம் மிக அரிது. அவர்களும் ஆசியர்தானே? நம் கிளினிக் பாரத்தில் 'பங்சா' என்ற இடத்தில் நாம் போடும் 'இந்தியர்' டிக்கும் அதே மாதிரிதான்.

நான் வேலை செய்யும் ஃபேக்டரியில், ஒவ்வொன்றாகச் சோதிக்க நேரமில்லாதபோது லாட் எண்ணைப் பார்த்து மொத்தப் பெட்டியையும் நிறுத்தி வைப்போம். சாதி கேட்டு மருந்து கொடுப்பதும் லாட் எண் பார்ப்பதுதான். சோதனை வசதி இல்லாத இடத்தில் அந்தக் கேள்வி உயிரைக் காப்பாற்றும், மறுக்கவில்லை. ஆனால் அதை ஆளுக்கேற்ற மருத்துவம் என்று எப்படிச் சொல்வது?

மாற்று நம் ஊரிலேயே இருக்கிறது. 1956-இல், பிரைமாகுயின் என்ற மலேரியா மருந்து சிலருக்கு மட்டும் ஏன் ரத்த அணுக்களை உடைக்கிறது என்று தேடிப்போய்க் கண்டுபிடித்தது ஜி6பிடி குறைபாடு. மலேசிய அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைப் பார்த்துவிடுகிறார்கள். குறை இருந்தால், 'துணிக்குள்ள அந்துருண்டை போடாதீங்க, டாக்டரைக் கேக்காம மருந்து குடுக்காதீங்க' என்று அம்மாவிடம் சொல்லி அனுப்புவார்கள். மலாய்ப் பிள்ளையா, சீனப் பிள்ளையா, தமிழ்ப் பிள்ளையா என்று பிரிப்பதில்லை. சாதியும் கேட்பதில்லை.

ரைக்கைக் கட்டாயம் படியுங்கள். சாதி உடம்புக்குள் விட்ட தழும்பை இவ்வளவு துல்லியமாகக் காட்டியவர்கள் குறைவு. ஆனால் தீர்வு என்று வரும்போது அவர் கல்யாணத் தரகரையும் டாக்டரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கிறார். அந்த இடத்தில் நாம் அவரோடு சண்டை போட வேண்டும்.