ஏடும் எச்சிலும்: சூரத் எலைசாவின் வழக்கு

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் ஓணம் விடுமுறைக்கு வந்தபோது ஒரு சின்னக் குப்பியை நீட்டி, "அப்பா, இதில எச்சில் துப்புங்க, நம்ம பூர்வீகம் தெரிஞ்சிடும்" என்றான். நாங்கள் வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்து நாற்பது வருஷம் ஆகிறது. பூர்வீகம் எனக்குத் தெரியாதா என்ன! ஆனாலும் துப்புவதற்கு முன்னால், இந்தச் சோதனையால் உலகப் புகழ் பெற்ற ஒரு வழக்கைப் படித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். படித்ததில் தோன்றியதை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

2013 ஜூன் மாதம் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை, இளவரசர் வில்லியமுக்கு இந்திய வம்சத் தொடர்பு இருப்பது மரபணுச் சோதனையில் தெரிய வந்தது என்று செய்தி போட்டது. நம் நாட்டுப் பத்திரிகைகளும் ஏதோ நம் வீட்டுப் பிள்ளைக்கு முடிசூட்டுவதுபோல் குதூகலித்தன. அதற்குக் காரணமான பெண்மணியின் பெயர் எலைசா கேவார்க். சூரத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்த தியோடர் ஃபோர்ப்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இவரோடு குடும்பம் நடத்தினார். 1812இல் கேத்தரின் என்ற மகள் பிறந்தாள். பிறகு ஃபோர்ப்ஸ் வியாபாரத்துக்காகப் பம்பாய் போய்விட்டார். எலைசா சூரத்திலேயே இருந்தார். மகளைச் சிறு வயதிலேயே கப்பலேற்றி ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1820இல் ஊர் திரும்பும் வழியில் ஃபோர்ப்ஸ் கப்பலிலேயே இறந்தார். உயிலில் எலைசாவுக்குக் கிடைத்த பட்டம் வீட்டு நிர்வாகி, அவ்வளவுதான். மனைவி என்ற சொல் இல்லை.

அந்தக் கேத்தரினின் மகள், அவள் மகள் என்று பெண்வழியாகவே இறங்கி வந்தால் ஆறாவது தலைமுறையில் டயானா, ஏழாவதில் வில்லியம். மைட்டோகாண்ட்ரியா என்ற மரபணுப் பகுதி தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும். டயானாவின் தாய்வழி உறவினர் இருவர் எச்சில் கொடுத்தார்கள். அதில் கண்டது 'ஆர்30பி' என்ற வகை. அதுவரை 14 பேரிடம்தான் அந்த வகை பதிவாகியிருந்ததாம். அவர்களில் 13 பேர் இந்தியர், ஒருவர் நேபாளி.

இங்கேதான் வியாபாரி மூளை குறுக்கே வருகிறது. முடிவை அறிவித்த விஞ்ஞானி எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். ஆனால் இதே சோதனையை விலைக்கு விற்ற கம்பெனிக்கும் அவர்தான் தலைமை விஞ்ஞானி. சரக்கை விற்கிறவரே தராசும் பிடிக்கிறார். எடை தப்பு என்று நான் சொல்லவில்லை. தாய்வழியில் எங்கோ ஓர் இந்தியப் பெண் இருந்திருக்கிறாள் என்பது சரியாகவே இருக்கட்டும். எடைக்கு மேல் பேசியதுதான் என் ஆட்சேபம்.

அந்தக் குடும்பத்தார் எலைசாவை அர்மீனியப் பெண் என்றே சொல்லி வந்தார்கள். சோதனை வந்ததும், இந்தியப் பெண் என்பதை மறைக்கக் கட்டிய கதை அது என்ற பேச்சு கிளம்பிவிட்டது. ஆனால் எலைசா ஃபோர்ப்சுக்கு அனுப்பிய கடிதங்களில் அர்மீனிய எழுத்து இருக்கிறதே! கெவோர்க் என்பது ஜார்ஜ் என்பதன் அர்மீனிய வடிவம். அர்மீனிய வணிகர்கள் சூரத்தில் வாழ்ந்து அங்கேயே மடிந்தவர்கள், அவர்களுடைய கல்லறைகள் அங்கே உண்டு. அப்பன் அர்மீனியன், அம்மா வழி இந்தியா என்று இருந்தால் இரண்டும் பொருந்தும். எலைசாவின் அப்பன் யார் என்று இந்தச் சோதனையைக் கேட்டால் அது வாயே திறக்காது. அதற்கு அந்த வசதி கிடையாது. அப்படியிருக்க, அந்த அம்மாளின் கடிதத்தை ஓரம் தள்ளிவிட்டு, இருநூறு வருஷம் கழித்து யாரோ இருவர் துப்பிய எச்சிலை மட்டும் சாட்சியாக எடுப்பது என்ன நியாயம்?

கணக்கையும் பாருங்கள். ஏழு தலைமுறை மேலே போனால் ஒவ்வொருவருக்கும் 128 பேர் முன்னோர். எலைசா அதில் ஒருத்தி. பழைய கீழ்வாய்க் கணக்கில் அரைக்கால் வீசம். மீதி 127 பேரைப் பற்றி இந்தச் சோதனை மூச்சு விடாது. அந்த அரைக்கால் வீசத்தின் அடையாளமும் வில்லியமோடு நின்றுவிடும், ஏனென்றால் ஆண் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது.

ஏடு மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. நம் ஊருக்கு வடக்கே கடலோரம் அஞ்சுதெங்கு இருக்கிறது. ஆற்றிங்கல் ராணியின் அனுமதியோடு 1690களில் கம்பெனி கோட்டை கட்டிய இடம். அங்கே 1744இல் இன்னோர் எலைசா பிறந்தார், எலைசா டிரேப்பர். வெள்ளைக்காரக் குடும்பத்துப் பெண். லாரன்ஸ் ஸ்டெர்ன் என்ற நாவலாசிரியர் இவருக்கு எழுதிய கடிதங்கள் அச்சாயின. ரெய்னால் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், இவர் பிறந்ததற்காகவே அஞ்சுதெங்கைப் புகழ்ந்து எழுதினார். 1778இல் இறந்தவருக்குப் பிரிஸ்டல் பேராலயத்தில் நினைவுச் சின்னமும் உண்டு. இந்த எலைசாவைத் தேட எச்சில் எதற்கு? சூரத் எலைசாவுக்கோ ஃபோர்ப்சின் காகிதக் கட்டில் கிடைத்த சில கடிதங்கள்தான் மிச்சம்.

கம்பெனிக் காலத்து ஞானஸ்நான, கல்யாண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பல பதிவுகளில் தகப்பன் பெயரும் பதவியும் முழுசாக இருக்கும், தாய் என்ற இடத்தில் 'சுதேசிப் பெண்' என்று மட்டும் இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. துர்பா கோஷ் 2006இல் வெளியிட்ட ஆங்கில நூல், பெயர் மறைக்கப்பட்ட இந்தப் பெண்களைப் பற்றியதுதான். எழுதியவன் கைமறதி அல்ல, வேண்டுமென்றே விட்ட இடம் என்றுதான் எனக்குப் படுகிறது.

கூலிக் கப்பல் ஏறிய நம் ஜனங்களுக்கு ஏடு வேறு விதமாக உதவியிருக்கிறது. 1860 நவம்பர் 16இல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி நேட்டால் போனவர்களின் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, கிராமம் எல்லாம் எண் போட்டு எழுதியிருக்கிறார்கள். வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதால் ஊர்ப் பெயர் சிதைந்திருக்கும். இருந்தாலும் அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேரப்பிள்ளைகள் ஊர் தேடி வரலாம். எந்தக் கிராமம், எந்தத் தெரு என்று எந்தக் குப்பியும் சொல்லாது.

இதையெல்லாம் மகனிடம் சொன்னேன். "சரிப்பா, உங்க அம்மாவோட ஆயா பேரு சொல்லுங்க" என்றான். அப்பா வழியில் ஆறு தலைமுறை ஒப்பிப்பேன். இது தெரியவில்லை. வந்தவாசியில் சித்திக்கு ஃபோன் போட்டேன். வயசு எண்பத்தெட்டு.

"சித்தி, உங்க ஆயா பேரு என்னங்க?"

"ஆயான்னுதான் கூப்பிடுவோம். பேரு சொல்லிக் கூப்பிட ஆளு ஏது? இரு, பரண்ல அவங்க சீதன அண்டா கிடக்குது, அதுல வெட்டியிருக்கும். பார்த்துச் சொல்றேன்."

மறுநாள் அவரே கூப்பிட்டார். அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தாராம். தாத்தா பேர்தான் வெட்டியிருக்கிறதாம்.